வீட்டுவழிக் கல்விக் குழுவோடு இளையோர் மன்றம் கைகோர்க்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். மாலை நேரங்களிலும் விடுமுறைகளிலும் ஓர் இளையோர் மன்றம் நடத்துகிறீர்கள். அறிவியல், கைவினை, தோட்டம் என்று சில பிரிவுகள். வார நாள்களில் பகல் முழுக்கக் கட்டடம் பூட்டியே கிடக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் இருபது குடும்பங்கள் சேர்ந்த குழு ஒன்று, “பகலில் எங்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது நடத்த முடியுமா?” என்று கேட்டிருக்கிறது. தனி வகுப்பு வைப்பதா, இருக்கிற மன்றத்திலேயே சேர்த்துக்கொள்வதா, பெற்றோரும் கூடவே உட்காருவோம் என்கிறார்களே, அது சரிப்படுமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

உண்மையான கேள்வி அந்த மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். ஒரே அறையில் இரண்டு தரப்புப் பெரியவர்கள் இருக்கும்போது யார் சொல் எடுபடும் என்பதுதான் உங்களை உறுத்துகிறது. பல ஆண்டுகள் இளையோர் மன்றங்களை நடத்தியும், அவற்றுக்கு வரும் தன்னார்வலர்களைப் பழக்கியும் வந்திருப்பதால் சொல்கிறேன்: இந்தக் கூட்டு முறிகிற இடம் பெரும்பாலும் பிள்ளைகள் பக்கம் இருப்பதில்லை, பாடத்திட்டத்திலும் இருப்பதில்லை. பெற்றோரின் பங்கு என்னவென்று முதலிலேயே பேசாமல் விட்ட இடத்தில்தான் முறிகிறது. மற்றதெல்லாம் போகப் போகச் சரிசெய்யக்கூடியவை.

பள்ளியோடு கூட்டு வைப்பதற்குப் பழகியவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. பள்ளி என்றால் தலைமையாசிரியர் ஒருவர் இருப்பார், அவரிடம் பேசினால் முந்நூறு பிள்ளைகளுக்கும் பேசிய மாதிரி. வீட்டுவழிக் கல்விக் குழுவில் அப்படி யாரும் கிடையாது. ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் உங்களைத் தொடர்புகொண்டிருப்பார்; அவரும் ஒரு பெற்றோர்தான், இந்த ஆண்டு அவர் முறை. அவர் “சரி” என்றால் அது அவருடைய சரி. மற்ற பத்தொன்பது வீடுகளும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்கும். பெரும்பாலான குழுக்கள் பதிவு செய்யப்பட்ட அமைப்புகளும் அல்ல. ஆகவே ஒப்பந்தத்தில் குழுவின் சார்பில் யாரோ ஒருவர் கையெழுத்திட்டால் போதாது. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். குழுவைத் தொடர்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பொறுப்புக்குக் குடும்பத்தை வையுங்கள்.

அடுத்து, அது எந்த மாதிரிக் குழு என்று கேட்டறியுங்கள். பெயரைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். சில குழுக்களில் பெற்றோரே முறைவைத்துப் பாடம் எடுக்கிறார்கள். ஒருவர் கணக்கு, இன்னொருவர் ஓவியம் என்று. சில குழுக்கள் வாரம் ஒருநாள் பூங்காவில் கூடிப் பிள்ளைகளை விளையாடவிட்டுப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பதோடு சரி. சில இடங்களில் காசு கொடுத்து ஆசிரியரை வைத்துக்கொண்டு, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முதல் வகைக்கு வாத்தியார்கள் இருக்கிறார்கள், இடமும் கருவிகளும்தான் இல்லை. இரண்டாவது வகைக்கு யாராவது ஒழுங்குபடுத்தித் தந்தால் நல்லது. மூன்றாவது வகை உங்களையும் இன்னொரு கட்டண வகுப்பாகவே பார்க்கும். நீங்கள் கொடுக்க வேண்டியது ஒவ்வொன்றுக்கும் வேறு.

எதைக் கொடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வீட்டில் ஏற்கெனவே கிடைப்பதை நீங்கள் மறுபடி கொடுக்க வேண்டாம். பாடம் சொல்லித் தருவதை அந்தப் பெற்றோர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு எந்த மன்றத்தாலும் முடியாது. வீட்டில் கிடைக்காதது வேறு: பத்துப் பேர் சேர்ந்தால்தான் நடக்கும் வேலை, வீட்டில் வாங்கிவைக்க முடியாத நுண்ணோக்கியும் மரவேலைக் கருவிகளும், அறிமுகமில்லாதவர்கள் முன்னால் நின்று பேசுவது, தன் யோசனையை நண்பர்கள் வாக்களித்துத் தோற்கடிப்பதைத் தாங்கிக்கொண்டு அடுத்த யோசனைக்கு உதவுவது. இவற்றில் உங்கள் நேரத்தைப் போடுங்கள். இரண்டு மணி நேரம் ஒளிச்சேர்க்கை பற்றிப் பேசினால் மரியாதைக்கு உட்கார்ந்து கேட்பார்கள். மூன்றாவது வாரம் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

இப்போது பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பழைய செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, ஒட்டுநாடாவால் இணைத்து, இரண்டு மேசைகளுக்கு நடுவே பாலம் கட்டும் பயிற்சியை நீங்களும் செய்திருப்பீர்கள். நான்கு பிள்ளைகள் ஒரு குழுவாக உட்காருகிறார்கள். ஒன்பது வயதுப் பையன் குழலைத் தளர்வாகச் சுருட்டுகிறான். அது மடங்கப்போகிறது என்று அறையில் உள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் தெரியும். அவன் அம்மா பின்னால் நின்றுகொண்டிருக்கிறார். முதலில் “இறுக்கமா சுத்துடா” என்கிறார். அடுத்து குனிகிறார். அதற்கடுத்து அவர் கையே குழலைப் பிடித்துச் சுருட்டுகிறது, பையன் ஒட்டுநாடாவைக் கிழித்துக் கொடுக்கும் உதவியாளாகிவிடுகிறான். பாலம் நன்றாக நிற்கும். அந்தப் பயிற்சியால் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது மட்டும் கிடைத்திருக்காது. அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் அவர்தான் ஆசிரியர். பிள்ளை தடுமாறும் இடத்தில் கை கொடுப்பது அவருடைய அன்றாட வேலை. அந்தப் பழக்கத்தை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வர முடியாது.

“பெற்றோர் வெளியே இருங்கள்” என்று பலகை வைக்கலாம். சில மன்றங்கள் வைக்கின்றன. எனக்கு அது உடன்பாடில்லை. பிள்ளைகளைத் தங்கள் பார்வையில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வழியைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இவற்றில் கணிசம். கதவைச் சாத்தினால் நம்பிக்கை போய்விடும். நான் பரிந்துரைப்பது, பெற்றோரின் கைக்கு வேறு வேலை கொடுப்பது. ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கொடுத்து, “உங்கள் பிள்ளை இல்லாத ஒரு குழுவைப் பாருங்கள். அவர்கள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள். பேச வேண்டாம், தொட வேண்டாம்” என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமாதிரி நெளிவார்கள். அப்புறம் ஆர்வமாக எழுத ஆரம்பித்துவிடுவார்கள், ஏனென்றால் பிள்ளைகள் தாங்களாகவே பேசித் தீர்ப்பதைக் கவனிக்க வீட்டில் வாய்ப்பே இருந்திருக்காது. அமர்வு முடிந்ததும் அந்தக் குறிப்புகளைப் பத்து நிமிடம் வாசித்துப் பேசினால், அடுத்த வாரத்துக்கு உங்களுக்கு நல்ல தன்னார்வலர் இரண்டு பேர் தேறிவிடுவார்கள்.

தன்னார்வலர் என்றதும் இன்னொன்று. பகல் நேரத்தில் உங்கள் வழக்கமான மாலைத் தன்னார்வலர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். ஓய்வுபெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள், இந்தப் பெற்றோர் என்று மூன்று தரப்பில்தான் ஆள் தேட முடியும். பெற்றோரில் பொறியாளர் இருப்பார், செவிலியர் இருப்பார், தையல் தெரிந்தவர் இருப்பார், பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் மற்ற தன்னார்வலர்களுக்கு என்ன பயிற்சி, என்ன பின்னணிச் சரிபார்ப்போ அதேதான் அவர்களுக்கும். “தன் பிள்ளைதானே, எதற்குச் சரிபார்ப்பு” என்பார்கள். தன் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேண்டியதில்லை. பிறர் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்கும் நிமிடத்தில் வேண்டும். தன் பிள்ளை இருக்கும் குழுவை எந்தப் பெற்றோரும் நடத்தக் கூடாது என்பதையும் விதியாக வைத்துவிடுங்கள்.

பாதுகாப்பு விதிகளில் தளர்வே கூடாது. எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் பொறுப்புள்ள பெரியவர்கள் இருவர். அமெரிக்கச் சாரணர் அமைப்பு உட்படப் பல இளையோர் அமைப்புகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பெற்றோர் ஐந்தாறு பேர் அறையில் இருப்பதாலேயே இந்த விதி நிறைவேறிவிட்டதாக எண்ண வேண்டாம். பதிவு செய்த, பயிற்சி பெற்ற இருவர் யார் என்பது ஒவ்வொரு நாளும் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உள்ளே வந்த நேரம், போன நேரம், யார் அழைத்துப்போனார் என்பதும் அப்படியே. இதில் சற்றுச் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் முகவாட்டத்தையோ காயத்தையோ தினமும் கவனிக்க ஓர் ஆசிரியர் இருக்கிறார். வீட்டில் படிக்கும் பிள்ளையை வெளியாள் ஒருவர் தொடர்ந்து பார்ப்பது சில சமயம் உங்கள் மன்றத்தில் மட்டும்தான். அதற்காகக் குடும்பங்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கச் சொல்லவில்லை. எந்தப் பிள்ளை விஷயத்திலும் எதைக் கவனித்தால் யாரிடம் தெரிவிப்பது என்று தன்னார்வலர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்கிறேன்.

சட்டம் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. வீட்டுவழிக் கல்வி எல்லா இடத்திலும் ஒரே நிலையில் இல்லை. அமெரிக்காவில் 1993 வாக்கில் 50 மாநிலங்களிலும் சட்டப்படி அனுமதி கிடைத்துவிட்டது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, பிள்ளைக்குத் தக்க கல்வி கிடைக்கச் செய்யும் கடமையைப் பெற்றோர்மேல் வைக்கிறது. அது பள்ளியில்தான் கிடைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். அதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போன பெற்றோர் 2006-இலும் 2019-இலும் தோற்றார்கள். சுவீடன் 2010-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி அசாதாரணமான சூழல்களில் மட்டுமே அனுமதி. பிரான்சில் முன்பு அறிவித்தால் போதும் என்றிருந்தது. 2021-இல் இயற்றிய சட்டத்தால் 2022 கல்வியாண்டிலிருந்து முன் அனுமதி வாங்க வேண்டும். ஆகவே உங்கள் நாட்டில், உங்கள் மாநிலத்தில் என்ன நிலை என்பதை அங்கே உள்ள சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள். இணையத்தில் என்னைப் போன்ற ஒருவர் எழுதுவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

உங்களுக்கு நேரடியாக முக்கியமான சட்டக் கேள்வி ஒன்றும் இதில் ஒளிந்திருக்கிறது: எந்தக் கட்டத்தில் உங்கள் மன்றம் பள்ளி ஆகிவிடும்? இங்கிலாந்தில் கட்டாயக் கல்வி வயதில் உள்ள ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முழுநேரக் கல்வி கொடுக்கும் இடம் தனியார் பள்ளியாகப் பதிவுசெய்ய வேண்டும். சிறப்புக் கல்வித் தேவைக்கான அதிகாரபூர்வத் திட்டமோ, அரசின் பராமரிப்போ உள்ள பிள்ளை என்றால் ஒருவர் இருந்தாலே போதும். பகலில் வாரத்துக்கு 18 மணி நேரத்துக்கு மேல் இயங்கினால் முழுநேரமாகவே கருதுவோம் என்று அங்கே கல்வித்துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. எண்கள் உங்கள் இடத்தில் வேறாக இருக்கும், ஆனால் இப்படி ஒரு கோடு பல இடங்களில் உண்டு. வாரம் இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்த வகுப்பு, பெற்றோர் “செவ்வாயும் வைக்கலாமே, வியாழனும் வைக்கலாமே” என்று கேட்கக் கேட்க வளர்ந்து அந்தக் கோட்டை யாருக்கும் தெரியாமல் தாண்டிவிடும். வாரத்துக்கு ஓர் அமர்வு, இரண்டு அல்லது இரண்டரை மணி நேரம். அதற்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து.

காப்பீடும் அப்படித்தான். உங்கள் பாலிசி எந்த வயதுப் பிள்ளைகளை, எந்த நேரத்தில், எந்தச் செயல்களுக்குக் காக்கிறது என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பகல் நேரத்தில் சேரும் சிக்கல், கூடவே வரும் தம்பி தங்கைகள். எட்டு வயதுக்கு மேல் என்று நீங்கள் அறிவித்திருப்பீர்கள். எட்டு வயதுப் பெண்ணோடு ஐந்து வயதுத் தம்பியும், இடுப்பில் ஒரு கைக்குழந்தையும் வரும். பள்ளி இருந்தால் தம்பி பள்ளியில் இருந்திருப்பான். அவர்களை வராதே என்றால் அந்த அம்மாவால் வரவே முடியாது. பக்கத்து அறையிலோ ஓரத்திலோ பாய் விரித்து, அவர்கள் பெற்றோர் பொறுப்பில் இருப்பவர்கள், மன்றத்தின் பங்கேற்பாளர்கள் அல்ல என்று படிவத்தில் தெளிவாகப் போட்டு, வெட்டுக்கருவிகள் இருக்கும் மேசைக்கு அவர்கள் வராத மாதிரி தரையில் ஒரு கோடும் ஒட்டிவிடுங்கள்.

வயது கலந்திருப்பதே பெரிய தொல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் பெரியவன் சின்னவனுக்குச் சொல்லித்தரும் சூழலில் வளர்ந்தவர்கள். பதின்மூன்று வயதுப் பெண் ஏழு வயதுப் பையனோடு அலுப்பில்லாமல் வேலை செய்வாள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் அதை எதிர்பார்த்தால் முகத்தைச் சுளிப்பார்கள். வயதுவாரியாகப் பிரிப்பதைவிட வேலைவாரியாகப் பிரித்துப் பாருங்கள்: அளப்பவர்கள், வெட்டுபவர்கள், பதிவு எழுதுபவர்கள். வேறு சில பழக்கங்களும் கண்ணில் படும். கை தூக்கிவிட்டுக் காத்திருக்க மாட்டார்கள், நேரே உங்களிடம் வந்து கேட்பார்கள். “நேரம் முடிந்தது” என்றால் “இன்னும் முடியவில்லையே” என்பார்கள், ஏனென்றால் மணி அடித்தால் நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. இதை ஒழுங்கீனம் என்று எண்ணிப் புதுத் தன்னார்வலர்கள் கடுப்பாவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முடிவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒருமுறை, மூன்று நிமிடம் முன்னால் ஒருமுறை சொல்லிவிட்டால் பாதித் தகராறு இருக்காது.

ஆனால் நான் இப்போது சொன்னதெல்லாம் நான் பார்த்த பிள்ளைகளைப் பற்றியது. “வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இப்படித்தான்” என்று பொதுவாகச் சொல்ல ஆதாரம் பலவீனம். கூட்டத்தோடு பழகத் தெரியாதவர்கள் என்று ஒரு தரப்பும், பள்ளிப் பிள்ளைகளைவிட மேலானவர்கள் என்று இன்னொரு தரப்பும் அடித்துச் சொல்கின்றன. அமெரிக்காவில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வு 20,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்களை எடுத்துக்கொண்டது. சராசரி உயர்வாகவே இருந்தது. ஆனால் அவர்கள் தாங்களாக முன்வந்து ஒரு தேர்வுச் சேவையைப் பயன்படுத்திய குடும்பங்களின் பிள்ளைகள். பள்ளியைவிட இது மேல் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது என்பதை ஆய்வாளர் லாரன்ஸ் ரட்னரே சொல்லியிருந்தார். ராபர்ட் குன்ஸ்மன், மில்டன் கெய்தர் இருவரும் 2013-இல் இந்தத் துறையின் ஆய்வுகளையெல்லாம் அலசியபோதும் இதே ஆள்தேர்வுக் குறை பரவலாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே உங்கள் தன்னார்வலர்களிடம் இரண்டு கதைகளையும் சொல்லிவைக்காதீர்கள். வருகிற பிள்ளையைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று கேட்கவும் வேண்டாம். காரணங்கள் பலவிதம். அமெரிக்கக் கல்விப் புள்ளிவிவர மையம் 2016-இல் கேட்டபோது, மிக முக்கியமான காரணம் பள்ளிச் சூழல் பற்றிய கவலை என்றவர்கள் 34 சதவீதம். பள்ளியில் பாடம் நடத்தும் தரத்தில் அதிருப்தி என்றவர்கள் 17. சமயக் கல்வி கொடுக்க விருப்பம் என்றவர்கள் 16. அப்போது மொத்தப் பிள்ளைகளில் 3.3 சதவீதம் பேர் வீட்டில் படித்தார்கள். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது, பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வீட்டுவழிக் கல்வி நடப்பதாகச் சொன்ன பங்கு சில மாதங்களிலேயே 5.4-இலிருந்து 11.1 சதவீதமானதாக அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை தெரிவித்தது. ஆகவே சமயப் பிடிப்புள்ளவர்களும், பள்ளியில் கொடுமைக்கு ஆளான பிள்ளையைக் காப்பாற்ற வெளியே எடுத்தவர்களும், உடல்நலம் காரணமாக வீட்டில் வைத்திருப்பவர்களும் ஒரே குழுவில் இருக்கலாம். உங்களுக்குத் தேவையான தகவல் வேறு. “உங்கள் பிள்ளை கலங்கிப்போனால் எது உதவும்?” என்று படிவத்தில் ஒரு வரி கேளுங்கள். அதில் வரும் பதில்கள் காரணப் பட்டியலைவிட நூறு மடங்கு பயன்படும்.

பாடப்பொருள் பற்றிய உரசல் வரும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பரிணாமம், பூமியின் வயது, காலநிலை மாற்றம் ஆகிய மூன்று இடங்களில் வழக்கமாக வரும். என் வழி எளிது: என்ன நடத்தப்போகிறோம் என்பதை ஒரு வாரம் முன்னால் எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பிவிடுவேன். பிடிக்காதவர் அந்த வாரம் பிள்ளையை அனுப்பாமல் இருக்கலாம், கேள்வி கேட்க மாட்டேன். ஆனால் அனுப்புவது தகவலுக்கு, ஒப்புதலுக்கு அல்ல. ஒரு குடும்பத்துக்காகப் பாடத்தை மாற்றினால் அடுத்த வாரம் இன்னொரு குடும்பம் வரும், அப்புறம் உங்களிடம் காகிதப் பூ செய்வதைத் தவிர எதுவும் மிஞ்சாது.

இதையொட்டி இன்னொரு சிக்கல்: சில குழுக்கள் உறுப்பினராகச் சேரவே ஒரு சமய உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்கின்றன. அது அவர்கள் உரிமை. ஆனால் அரசுப் பணத்தில் நடக்கும் இளையோர் திட்டம் யாரையும் விலக்க முடியாது. அமெரிக்காவின் ஃபோர்-எச் (4-H) என்ற இளையோர் அமைப்பு இதற்கு நல்ல உதாரணம். 1902-இல் ஒஹையோ மாநிலத்தில் கிராமப் பிள்ளைகளுக்கான மன்றமாகத் தொடங்கி, 1914-இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டத்துக்குப் பிறகு வேளாண் விரிவாக்கப் பணியின் அங்கமாக வளர்ந்தது அது. அங்கே வீட்டில் படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பகலில் கூடும் மன்றங்கள் நிறைய உண்டு; ஆனாலும் மன்றம் என்று பெயர் பெற்றுவிட்டால் விரும்பி வரும் எந்தப் பிள்ளைக்கும் அது திறந்திருக்க வேண்டும். உங்கள் மன்றத்துக்குப் பொதுப்பணம் வருகிறது என்றால் இந்தப் பேச்சைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். வகுப்பு பாதி ஆண்டு ஓடிய பிறகு வெளிக்குடும்பம் ஒன்று கதவைத் தட்டும்போது பேசினால் கசப்புதான் மிஞ்சும்.

சரி, தனி வகுப்பா, இருக்கிற மன்றத்திலா என்ற உங்கள் முதல் இரண்டு கேள்விகள். மூன்று வழிகள் உண்டு. பகலில் குறுகிய காலத் தொடர் ஒன்று நடத்தலாம். குழுவையே உங்கள் மன்றத்தின் ஒரு கிளையாகச் சேர்க்கலாம். அல்லது பிள்ளைகள் ஒவ்வொருவராக மாலை மன்றத்தில் சேரலாம். மூன்றாவதுதான் நீண்டகாலத்துக்கு நல்லது என்று தோன்றும். பள்ளிப் பிள்ளைகளோடு கலப்பார்கள் அல்லவா. ஆனால் மாலையில் அவர்களுக்கு வசதிப்படாது என்பதால்தான் பகலில் கேட்கிறார்கள்; தவிர, ஏற்கெனவே நட்பு வட்டம் உள்ள மன்றத்துக்குள் புதிதாக ஒருவர் இருவராக நுழைவது பதினொரு வயதில் சாதாரண விஷயம் அல்ல. ஆறு வாரத் தொடரில் ஆரம்பியுங்கள். ஒரே பொருள், ஒரே இறுதி வேலை, ஆறாம் வாரம் பொதுக் காட்சி. அந்தக் காட்சியை மட்டும் மாலையில் வைத்து, மாலை மன்றத்துப் பிள்ளைகளின் வேலைகளையும் பக்கத்து மேசைகளில் வையுங்கள். கலப்பு அங்கே தானாக ஆரம்பிக்கும். ஆறு வாரம் நல்லபடியாகப் போனால் கிளை மன்றம் பற்றிப் பேசலாம்.

கிளை மன்றம் என்று வரும்போது பதின்ம வயதினரிடம் உண்மையான அதிகாரத்தைக் கொடுங்கள். குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக ரோஜர் ஹார்ட் 1992-இல் யூனிசெஃபுக்காக எழுதினார்; அதில் கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே அல்ல, பிள்ளைகளை மேடை அலங்காரமாக வைத்துக்கொள்வது அதில் ஒன்று. வீட்டுவழிக் கல்விக் குழுக்களில் நாள்காட்டி முழுக்கப் பெற்றோர் கையில் இருப்பதால், தலைவர், செயலர் என்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு முடிவுகளைப் பெரியவர்களே எடுப்பது எளிதில் நடந்துவிடும். சிறிய தொகை ஒன்றைக் கொடுத்து, அதை எப்படிச் செலவழிப்பது என்பதைப் பிள்ளைகளின் கூட்டத்துக்கே விட்டுவிடுங்கள். முதல் கூட்டத்தில் நாற்பது நிமிடம் சண்டைதான் நடக்கும். யாரோ ஒரு பெரியவர் “நான் ஒரு யோசனை சொல்லவா?” என்று எழுந்திருப்பார். அவரைக் கையமர்த்துவதுதான் அன்றைக்கு உங்கள் முழு வேலையும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. இலவசமாக நடத்தினால் வருகை ஆடும். கட்டாயப்படுத்த நிறுவனம் இல்லாததால் மழை, சளி, பாட்டி வருகை எல்லாமே காரணமாகிவிடும். தொடருக்கு மொத்தமாக முன்கட்டணம் வாங்குங்கள், அமர்வுக் கட்டணம் வேண்டாம். ஒருவர் சம்பளத்தில் நான்கு பிள்ளைகள் உள்ள வீடுகள் இருக்கும் என்பதால் குடும்பத்துக்கு ஓர் உச்சவரம்பும் வையுங்கள்.

சான்றிதழ் கேட்பார்கள். சில இடங்களில் பெற்றோர் கல்விப் பதிவு காட்டியாக வேண்டும். பென்சில்வேனியாவில் ஆண்டுக்கு 180 நாள் அல்லது தொடக்க நிலைக்கு 900 மணி, மேல்நிலைக்கு 990 மணி கல்வி கொடுத்ததைக் காட்ட வேண்டும், தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் பார்ப்பார்; நியூயார்க்கில் காலாண்டு அறிக்கை கேட்கிறார்கள். அதனால் உங்கள் தாளுக்கு அவர்களிடம் உண்மையான மதிப்பு உண்டு. எந்தத் தேதியில் வந்தார், எத்தனை மணி நேரம், என்ன செய்தார் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். மதிப்பெண்ணோ, “எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு இணை” என்ற மாதிரி வாக்கியமோ எழுத வேண்டாம். அதைச் சொல்லும் தகுதி மன்றத்துக்கு இல்லை, நாளைக்கு யாராவது கேட்டால் பதிலும் இருக்காது.

இவ்வளவும் அறிவியல், கைவினை, தோட்டம் போன்ற மன்றங்களுக்குச் சொன்னது. பள்ளி அணிகளோடு மோதும் போட்டி விளையாட்டுக்குத் தகுதி விதிகள் வேறு, நான் அந்தப் பக்கம் வேலை செய்ததில்லை. அதற்கு விளையாட்டுச் சங்கத்தில் உள்ளவரைக் கேளுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது என்றால், ஒருங்கிணைப்பாளருக்குப் பதில் எழுதுவதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். அந்தப் பதில் கைக்கு வந்ததும், பிள்ளைகள் இல்லாமல் பெற்றோரை மட்டும் ஒருமுறை கூப்பிட்டு உட்காருங்கள்; ஒருங்கிணைப்பாளர் மட்டும் வந்தால் போதாது, சேர விரும்பும் வீடு ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் வர வேண்டும். யார் நடத்துவது, பெற்றோர் எங்கே உட்காருவது, என்ன செய்யலாம், என்ன கூடாது, பிள்ளை முரண்டு பிடித்தால் யார் பேசுவது, புகைப்படம் எடுக்கலாமா, உடம்பு சரியில்லாத பிள்ளை வரலாமா, இரு தரப்பும் எத்தனை நாள் முன்னறிவிப்போடு விலகலாம் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி அங்கேயே வாசித்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கூட்டத்துக்கு வராத குடும்பத்தை முதல் தொடரில் சேர்க்க வேண்டாம். இருபது குடும்பம் என்றால் பிள்ளைகள் ஐம்பதைத் தாண்டலாம். முதல் தொடருக்குப் பன்னிரண்டு, பதினைந்து பேரோடு நிறுத்திக்கொண்டு, மற்றவர்களை அடுத்த தொடருக்கான காத்திருப்புப் பட்டியலில் போடுங்கள்.